கடன் வாங்குங்கள், கழுத்தை நீட்டாதீர்கள்

கெடாவில் பீடோங், பாடாங் செராய், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின. வேலை இழந்த குடும்பங்களில் அடுப்பு அணையாமல் காப்பவர்கள் பெரும்பாலும் பெண்களே. தோசை மாவு, முறுக்கு, பூமாலை, தையல் என்று துணிந்து இறங்கியிருக்கும் அவர்களைப் பாராட்டுகிறோம்.

ஆனால், முதலுக்கு எங்கே போவது? "அவசரத்துக்கு வேற யாரு கொடுப்பா?" என்று வட்டி முதலையின் வாசலுக்கே போகிறார்கள். மாதம் நூற்றுக்கு 20 வட்டி என்றால், 1,000 வெள்ளிக்கு ஓராண்டு வட்டி மட்டும் 2,400 வெள்ளி! முதல் அப்படியே நிற்கும். 1951ஆம் ஆண்டின் வட்டித்தொழில் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18க்கு மேல் வாங்கக்கூடாது. அதாவது 180 வெள்ளி. விடியற்காலையில் எழுந்து மாவாட்டுவது ஒருவர், லாபம் தின்பது வேறொருவரா?

வேறு வழி இருக்கிறது. 1987இல் தொடங்கிய அமானா இக்தியார், பெண்களைக் குழுவாகச் சேர்த்து அடமானமின்றிக் கடன் தருகிறது. இந்தியப் பெண்களுக்கென்றே அங்கு 'பெண்' திட்டம் 2024இல் வந்தது. தெக்குன் நேஷனலில் இந்திய வியாபாரிகளுக்கென 'ஸ்பூமி' திட்டம் உண்டு.

தெக்குன் போன்ற இடங்களில் வியாபாரப் பதிவைக் கேட்பார்கள். சொந்தப் பெயரில் பதிய ஆண்டுக்கு 30 வெள்ளிதான். அதை இன்றே செய்யுங்கள். பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்திலாவது வரவு செலவை எழுதுங்கள். வியாபாரத்துக்கு வாங்கிய கடனைக் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கரைக்காதீர்கள். நீங்கள் கட்டாமல் விட்ட தவணை, நாளை பக்கத்து வீட்டு அக்காவின் மனுவையும் தடுக்கும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டணத்தில் அலுவலகம் திறந்தால் மட்டும் போதாது. தோட்டத்திலிருந்து அங்கே வந்து போனால் ஒருநாள் கூலி போச்சு! தோட்டத்துக் கோயில் மண்டபத்துக்கு வாருங்கள், தமிழில் விளக்குங்கள், மனுப் பாரத்தை அங்கேயே நிரப்பிக் கொடுங்கள்.

1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டமே வாங்கியவர்கள் நம் தொழிலாளர்கள். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம், நம் கெடாவின் புக்கிட் சீடிம். அந்த ஒற்றுமையும் கட்டுப்பாடும் இருந்தால், ஒரு மாவு மிஷினுக்காக வட்டி முதலையிடம் கையேந்த வேண்டியதில்லை.