முயல் கண்ணில் எதற்கு ஷாம்பு?

குட்டீஸ்! ஷாம்பு கண்ணில் பட்டால் என்ன செய்வீர்கள்? "ஐயோ, எரியுதே!" என்று தண்ணீரை வாரி அடித்துக் கழுவுவீர்கள். கழுத்தை அசைக்க முடியாதபடி பெட்டிக்குள் மாட்டப்பட்ட முயல் என்ன செய்யும், பாவம்?

அழகுப் பொருட்களை முயலின் கண்ணில் விட்டு, சிவப்பும் புண்ணும் வருகிறதா என்று நாட்கணக்கில் கவனிக்கும் முறையை, 1944ல் அமெரிக்க விஞ்ஞானி ஜான் டிரெய்ஸ் வெளியிட்டார். அவரைக் கொடியவர் என்று சொல்லிவிட முடியாது. 1930களில் 'லேஷ் லூர்' என்ற இமைச்சாயம் பூசிய அமெரிக்கப் பெண்கள் சிலரின் பார்வையே போனது. மனிதர்களைக் காக்கத்தான் சோதனைகள் வந்தன.

இன்று வேறு வழிகள் உள்ளன. மனிதத் தோல் செல்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, அதன் மீது சோதிக்கிறார்கள். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2004ல் தயாரான அழகுப் பொருட்களையும், 2009ல் அவற்றில் சேரும் பொருட்களையும் விலங்குகளிடம் சோதிக்கத் தடை விதித்தது. 2013 மார்ச் 11 முதல், அப்படிச் சோதித்தவற்றை விற்கவும் முழுத் தடை. நம் இந்தியாவும் 2014ல் சோதனையையும், சோதித்த பொருட்களின் இறக்குமதியையும் தடை செய்தது.

பிறகு எதற்கு விவாதம்? ஐரோப்பாவில் ரசாயனங்களுக்கு இன்னொரு சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையில் அவற்றைக் கையாளும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக, விலங்குச் சோதனை கேட்க அதில் இடமுண்டு. அழகுப் பொருட்களில் மட்டும் சேரும் ரசாயனத்துக்கும் இது பொருந்தும் என்று 2023ல் அங்குள்ள பொது நீதிமன்றம் கூறியது. தடையைப் பலப்படுத்தக் கோரி 12 லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டிருந்தனர்.

தொழிலாளியின் உடல்நலம் சின்ன விஷயமல்ல. அதற்கு முயல்தான் வழியா? பல காலமாகப் புழங்கும் ரசாயனம் என்றால், அதைக் கையாண்டவர்களின் உடல்நலத்தை முதலில் ஆராயலாம். கையுறை, முகமூடி தரலாம். புத்தம் புதிய ரசாயனமா? விலங்குகளை வதைக்காமல் அது பாதுகாப்பானது என்று காட்ட முடியாவிட்டால், காத்திருக்கட்டுமே! உயிர் காக்கும் மருந்துக்குக் காத்திருப்பதுதான் கடினம். புது லிப்ஸ்டிக் வராவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? தொழிலாளியும் தப்புவார், முயலும் தப்பும்.

ஒரு சட்டம் கதவைச் சாத்த, இன்னொன்று ஜன்னலைத் திறந்து வைப்பது நியாயமா? உங்கள் வகுப்பில் பேசிப் பாருங்கள், குட்டீஸ்!