"எந்த வில்லு திறம்?" என்பது பிழையான கேள்வி

போன மாதம் சித்தியின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டிருந்தான். "அண்ணா, ஹொரைசன்ல எந்த வில்லு திறம்?"

நான் பதில் எழுத முதலே அடுத்தடுத்து மூன்று மெசேஜ் வந்தது. யூரியூப்பில் யாரோ போட்ட "சிறந்த ஆயுதங்கள்" பட்டியலைப் பார்த்து, முதலாவதாக இருந்த வில்லை வாங்கியிருக்கிறான். அதைத் தூக்கிக்கொண்டு நேரே தண்டர்ஜோவிடம் போயிருக்கிறான். பதினொரு தரம் செத்திருக்கிறான். கடைசி மெசேஜ் இப்பிடி இருந்தது: "எனக்கு உந்தக் கேம் சரிவராது. அழிச்சுப்போட்டன்."

கேம் சரியில்லை என்று அவன் சொல்லவில்லை. தனக்குச் சரிவராது என்றுதான் சொன்னான். அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உண்மையில் அவனில் ஒரு பிழையும் இல்லை. வேறு ஆரோ எழுதின விடையைப் பாடமாக்கிக்கொண்டு போனவனுக்குக் கேள்வி மாறி வந்துவிட்டது, அவ்வளவுதான். ரியூசன் வாங்கில் இருந்து பாஸ்ட் பேப்பர் விடை பாடமாக்கின எங்களுக்கு இது புதுசில்லைத்தானே.

அவனுக்கு எழுதத் தொடங்கின பதில் நீண்டுபோனதால் இங்கே எழுதுகிறேன். "ஹொரைசன் சீரோ டோன்" விளையாடாதவர்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

முதலில் கேமைப் பற்றி. நெதர்லாந்தின் கெரில்லா கேம்ஸ் செய்தது. 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கும், 2020இல் கணினிக்கும் வந்தது. கதை நடப்பது 31ஆம் நூற்றாண்டில். எங்களுடைய உலகம் எப்போதோ அழிந்துபோய், மனிதர் திரும்பவும் குலங்களாக வாழுகிறார்கள். காட்டில் மேய்வதும் வேட்டையாடுவதும் இயந்திர மிருகங்கள். நாங்கள் விளையாடுவது அலோய் என்ற பெண்ணாக. கையில் வில்லும் ஈட்டியும். காதோரம் ஃபோகஸ் என்ற ஒரு சின்னக் கருவி.

என்னைக் கேட்டால், இந்தக் கேமின் முதல் ஆயுதம் வில் இல்லை, அந்த ஃபோகஸ்தான். அதை இயக்கி ஒரு மிருகத்தைப் பார்த்தால், அதன் உடம்பில் எந்தெந்தப் பாகம் கழரும், எது வெடிக்கும், நெருப்புக்குப் பயமா குளிருக்குப் பயமா, எந்தப் பாதையால் நடந்து போகும் எல்லாமே தெரியும். ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? ஒருக்கா அமத்திப் பார்த்துவிட்டு, வாசிக்காமலே அம்பை எடுக்கிறோம். கேம் கேள்வித்தாளையும் தந்து விடையில் பாதியையும் தருகிறது. நாங்கள்தான் வாசிக்கிறதில்லை.

அடிப்படைகள் மிச்சமெல்லாம் சின்ன விசயங்கள். சிவப்பு நுனி வைத்த உயரமான புல்லுக்குள் இருந்தால் மிருகங்களுக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். வொட்சர் என்ற சின்னக் காவல்மிருகத்தின் ஒற்றைக் கண் நீலமாக இருந்தால் அது சும்மா நிற்கிறது. மஞ்சளானால் சந்தேகப்படுகிறது. சிவப்பானால் ஓடுங்கோ, அல்லது அந்தக் கண்ணிலேயே அடியுங்கோ. உருண்டு தப்புவதற்குக் களைப்பே இல்லை, எத்தனை தரமும் உருளலாம். ஆனால் உயிர் தானாகக் கூடாது. மூலிகை பிடுங்கிப் பையில் சேர்த்தால்தான் மருந்து. அதனால் சண்டைக்குப் போகமுதல் பத்துச் செடி பிடுங்குவது, புது வில் வாங்குவதைவிடப் பெரிய காரியம்.

இனி விசயத்துக்கு வருவம். ஒவ்வொரு அம்புக்கும் இரண்டு வேறு வலு இருக்கிறது. ஒன்று, எவ்வளவு உயிரைக் குறைக்கும் என்பது. மற்றது, பாகங்களை எவ்வளவு பிய்த்தெறியும் என்பது. பட்டியல் போடுகிறவர்கள் அநேகமாக முதலாவதைத்தான் பார்க்கிறார்கள். இந்தக் கேமின் முழு ருசியும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

தண்டர்ஜோவையே எடுங்கோ. டைனோசர் மாதிரி ஒரு பெரிய உருவம். அதன் உடம்பின் இரண்டு பக்கமும் வட்டத்தட்டு எறியும் துவக்குகள் இருக்கின்றன. அந்தத் தட்டுகள் மேலே போய் நின்று, பிறகு உங்களைத் தேடி இறங்கும். தம்பி பதினொரு தரமும் செத்தது அநேகமாக அதனால்தான். அவனுடைய வில்லில் "உயிர் குறைக்கும்" எண் பெரிசு. ஆனால் தண்டர்ஜோவின் உயிரும் மலைபோல. இவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டு நிற்க, அது தன் எல்லா ஆயுதத்தோடும் இவனை அடித்துக்கொண்டு நிற்கிறது. கணக்கு எந்த வழியிலும் சரிவராது.

டெயர்பிளாஸ்ட் என்று ஒரு அம்பு இருக்கிறது. குறிபார்த்து அடிக்கும் பெரிய வில்லின் நடுத்தர வகையிலேயே கிடைக்கும். உயிரைக் குறைப்பதில் அதைவிட மோசமான அம்பு இல்லை. போய் ஒட்டும், ஒரு கணம் நிற்கும், பிறகு "டப்" என்று காற்று வெடித்து, பக்கத்தில் இருக்கிற தகடு, துவக்கு எல்லாவற்றையும் கழற்றி எறியும். புல்லுக்குள் இருந்துகொண்டு தண்டர்ஜோவின் இரண்டு துவக்கையும் இதால் கழற்றிவிட்டால், அது பாதி தண்டர்ஜோதான். அதோடு முடியவில்லை. கீழே விழுந்த துவக்கைப் போய்த் தூக்கி, அதன் தட்டுகளாலேயே அதற்குத் திருப்பி அடிக்கலாம். முதல் தரம் அப்படி அடித்த அண்டைக்கு நான் கதிரையை விட்டு எழும்பி நின்றேன்.

ரவேஜர் என்ற மிருகத்தின் முதுகுத் துவக்குக்கும் இதே கதை. ஸ்டோக்கர் என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து வரும். அதை மறைக்கிற கருவியைக் கழற்றிவிட்டால் பாவம், வெறும் மிருகமாக நிற்கும். அதாவது கேம் எங்களிடம் கேட்பது, எவ்வளவு பலமாக அடிப்பாய் என்பதை இல்லை. எதிரியிடமிருந்து எதை முதலில் பறிப்பாய் என்பதைத்தான்.

இதேபோலத்தான் நெருப்பும் குளிரும் மின்சாரமும். நெருப்பு நின்று நின்று எரிக்கும். மின்சாரம் கொஞ்ச நேரம் விழுத்தி வைக்கும். குளிர் ஏறி முழுக்க உறைந்துவிட்டால், அதற்குப் பிறகு விழுகிற சாதாரண அடியும் பல மடங்காக ஏறும். தண்டர்ஜோ குளிருக்குப் பலவீனம். முதலில் உறையவைத்து, பிறகு அடிக்கவேண்டும். எங்களில் கனபேர் முதலில் நல்ல அம்பெல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டு, பிறகுதான் குளிரை ஞாபகப்படுத்துகிறோம். அதேநேரம் சோடூத் என்ற புலி மாதிரியான மிருகத்துக்கு நெருப்புத்தான் சரி. எல்லாத்துக்கும் ஒரு மருந்து என்று இங்கே இல்லை.

அப்ப எதை வைத்திருக்கிறது? ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க நாலு இடம்தான் இருக்கு. என்னுடைய நாலையும் சொல்கிறேன், ஆனால் காரணத்தோடு. ஒன்று, சாதாரண வேட்டை வில். கெதியா அடிக்கலாம், நெருப்பு அம்பும் போடலாம். இரண்டு, டெயர்பிளாஸ்டுக்காகப் பெரிய வில். மூன்று, குளிருக்காகப் போர் வில். நாலாவது, கயிறு எறிகிற ரோப்காஸ்டர். அது பெரிய மிருகத்தையும் நிலத்தோடு கட்டிப்போடும். ஒரு அடியும் அடிக்காத ஆயுதம், அதனால் ஆரும் மதிக்கிறதில்லை. இரண்டு மிருகம் ஒன்றாக வரும்போது ஒன்றைக் கட்டிவைத்துவிட்டு மற்றதைக் கவனிக்கலாம். எனக்கு மருந்துக்குடுவையைவிடக் கனதரம் உயிர் தந்தது இந்தக் கயிறுதான்.

நாலுக்கும் நாலு வேலை இருக்கிறதைக் கவனியுங்கோ. ஒரே வேலையைச் செய்கிற இரண்டு நல்ல வில் வைத்திருப்பதைவிட, வேறு வேறு வேலை செய்கிற இரண்டு சாதாரண வில் பிரயோசனம். வில்லில் பூட்டுகிற கொயில்களுக்கும் இதுதான் கதை. கழற்றுகிற வில்லுக்குக் கழற்றும் வலுவைக் கூட்டுகிற கொயிலைப் போடுங்கோ. எல்லாத்துக்கும் டமேஜ் கொயில் பூட்டினால் எல்லாம் அரைகுறைதான். இன்னொன்று, இந்தக் கேமில் காசும் அம்பு செய்கிற பொருளும் ஒன்றுதான், உலோகச் சில்லுகள். குறி தவறுகிற ஒவ்வொரு அம்பும் பொக்கற்றில் இருந்து போகிற காசு. பார்த்து அடிக்கச் சொல்லி கேம் இப்பிடியும் சொல்லுது.

இப்ப கனபேர் சண்டைக்கு வரப்போகிற இடம். ஷீல்ட்வீவர் கவசம். ஐந்து மின்கலம் தேடி எடுத்தால் கிடைக்கும் பழைய காலத்துக் கவசம். விழுகிற அடியைத் தானே வாங்கும். கொஞ்ச நேரம் அடிபடாமல் இருந்தால் திரும்பவும் நிரம்பிவிடும். எல்லாப் பட்டியலிலும் முதலாம் இடம் இதுக்குத்தான். என்னுடைய கருத்து, முதல் தரம் விளையாடும்போது இதைப் போடாதேங்கோ.

நான் போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதைப் போட்டு ஒரு மணித்தியாலத்தில் நான் ஃபோகஸை அமத்துவதை விட்டுவிட்டேன். புல்லுக்குள் ஒளிப்பதையும் விட்டுவிட்டேன். மூலிகை பிடுங்கவில்லை. எல்லாம் வென்றேன், ஒன்றும் ஞாபகமில்லை. மற்ற உடுப்புகள் அப்படி இல்லை. ஒன்று நெருப்பைத் தாங்கும், ஒன்று குளிரைத் தாங்கும், ஒன்று சத்தத்தைக் குறைக்கும். எதை எதிர்பார்த்துப் போகிறாய் என்று அவை உங்களைக் கேட்கும். ஷீல்ட்வீவர் ஒன்றும் கேட்காது. அதுதான் அதன் பிழை.

"வேலையால வந்து ஒரு மணித்தியாலம் கதை பார்க்கத்தான் விளையாடுறன், எனக்கென்ன இந்த வில்லங்கம்?" என்று ஒருவர் கேட்டால் அது நியாயம். அவருக்காகத்தான் ஸ்டோரி என்ற லேசான நிலை இருக்கிறது. அதில் விளையாட ஒரு வெட்கமும் இல்லை. லேசாக விளையாடுவது வேறு, பார்க்காமல் விளையாடுவது வேறு. முதலாவது உங்கள் தெரிவு. இரண்டாவதில் நட்டம் உங்களுக்குத்தான்.

கேமிலும் பிழை இல்லாமல் இல்லை. மனிதரோடு வருகிற சண்டைகள் சப்பென்று இருக்கும். தலையில் ஒரு அம்பு, அநேகமாக அதோடு சரி. கழற்றப் பாகமும் இல்லை, யோசிக்க ஒன்றும் இல்லை. ஈட்டியும் பெரிய மிருகத்துக்கு முன்னால் விளக்குமாறு மாதிரித்தான். முக்கியமாக, டெயர்பிளாஸ்டைப் பற்றிக் கேம் வடிவாகச் சொல்லித் தருவதில்லை. கடையில் எண்களோடு எண்ணாகத் தொங்கவிட்டால், தம்பி மாதிரி ஆக்கள் பெரிய எண்ணைத்தானே எடுப்பினம். அந்தப் பழியில் பாதியைக் கேமும் ஏற்கத்தான் வேணும்.

தம்பிக்கு நான் கடைசியாக அனுப்பினது இவ்வளவுதான்: "திரும்பப் போடு. அடிக்காத. பத்து நிமிசம் புல்லுக்குள்ள இருந்து அதைப் பார். அதிட்ட என்ன இருக்கெண்டு எனக்கு எழுது. பிறகு வில்லைப் பற்றிக் கதைப்பம்."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் இரவு ஒரு படம் வந்தது. எந்த வில் என்று அவன் கேட்கவில்லை. தண்டர்ஜோவை நிற்பாட்டி எடுத்த ஸ்கிரீன்சொட் ஒன்றில், ஒவ்வொரு பாகத்தையும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தான். கீழே ஒரு வரி: "அண்ணா, இந்த ரெண்டையும் முதல்ல கழட்டினா?"