குருத்தணுக் கொடை

தன் உடலினின்று எடுத்துப் பிறர்க்கு ஈயும் கொடையைப் புகழ்வார் பலர். அக்கொடையாளர் உடலில் நிகழ்வதை எடுத்துரைப்பார் சிலரே. அங்ஙனம் உரையாமை நன்றன்று என்பதே எமது கருத்து.

தலசீமியா, இரத்தப் புற்று முதலிய நோய்களுக்குரிய இச்சிகிச்சை, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986ஆம் ஆண்டு முதலே நடைபெற்று வருகின்றது. உடன்பிறந்தார் ஒருவர் முற்றும் பொருந்துவது நான்கில் ஒரு பங்கே. ஏனையோர்க்கு அயலாரை நாடுதல் வேண்டும். 2009இல் சென்னையில் தோன்றிய தாத்ரி போன்ற பதிவகங்கள் அவரைத் தேடித் தருகின்றன. பொருத்தம் பரம்பரையைப் பற்றியதாகலின், இராமேசுவரக் கரையோரத்து நோயாளிக்கு ஏற்றவர் அவர்தம் மக்களிடையே கிடைக்கும் வாய்ப்பே மிகுதி. ஆதலால் மண்டபத்தும் பாம்பனிலும் வாழும் இளைஞரும் பெயர் பதிதல் இன்றியமையாதது.

இனி, நிகழ்வது யாது? பில்கிராஸ்டிம் என்னும் மருந்தை நான்கைந்து நாள் தோலின்கீழ் ஊசியால் ஏற்றுவர். கரையிற் கயிற்றால் கட்டுண்ட வள்ளங்களைப் போல் எலும்பு மஜ்ஜையிற் பிணிப்புண்ட குருத்தணுக்கள், அம்மருந்தினால் பிணிப்புத் தளர்ந்து குருதியிற் கலக்கும். ஒரு மைக்ரோ லிட்டர் குருதியில் 4,000 முதல் 11,000 வரை இருக்கும் வெள்ளணுக்கள் 30,000க்கும் மேலாகப் பெருகுதலும் உண்டு. இஃது இரத்தப் புற்றன்று. மருந்து நின்றபின் தானே தணியும். பின்னர்ப் பொறியின் வழியே குருதியைச் செலுத்திக் குருத்தணுக்களைப் பிரித்து, எஞ்சியதை உடலுக்கே திருப்புவர். அப்பொழுது தட்டணுக்கள் சிறிது காலம் குறையும். எலும்பு நோவும் தலைவலியும் பலர்க்கு உண்டாம். மண்ணீரல் சற்றே வீங்கும். அது கிழிதல் மிக அரிதாயினும் நிகழ்ந்ததுண்டு. நெடுநாள் தொடர்ந்து நோக்கிய ஆராய்ச்சிகளில் கொடையாளர்க்குப் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை.

“ஒன்றும் ஆகாது” என்று சொல்லி இளைஞரைச் சேர்ப்போர் நன்மை செய்வதாகவே எண்ணுகின்றனர். ஆனால் ஊசி ஏற்றிய மறுநாள் இடுப்பெலும்பு நோவெடுக்குங்கால், அச்சொல் பொய்யாகத் தோன்றும், வீட்டார் அஞ்சுவர், கொடையாளர் பின்வாங்க நினைப்பர். அதற்குள் நோயாளியின் மஜ்ஜை பெரும்பாலும் கடுமருந்துகளால் அழிக்கப்பட்டிருக்கும். அந்நிலையில் குருத்தணு வாராதாயின் அவர் பிழைத்தல் அரிது. எனவே உண்மையை முன்னரே உரைத்தல், கொடையாளர்க்கு மட்டுமன்றி நோயாளிக்கும் காப்பாகும்.

கோபுரம் கட்ட விரும்புவோன் முதற்கண் செலவைக் கணக்கிடல் வேண்டும் என்னும் ஆண்டவரின் உவமை இதற்கும் பொருந்தும். பதினெட்டு வயது நிரம்பிய மாணவ நண்பர்களே! நோவையும் அறிந்து, பெற்றோர்க்கும் உரைத்து, அதன்பின் பெயர் தாருங்கள். இயலாதெனின் இன்றே மறுத்துவிடுதலில் இழிவொன்றுமில்லை.