வவ்வாலுக்கு விற்கவும்

1982-ல் வந்த சி.டி. ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. நைக்விஸ்ட்-ஷானன் கணக்குப்படி அதில் பாதி, 22,050 ஹெர்ட்ஸ் வரை, சிந்தாமல் திரும்பக் கிடைக்கும். மனிதக் காதுக்கு இளமையிலேயே 20,000-தான் எல்லை. வயசானால் 15,000-மே சந்தேகம். அப்புறம் எதற்கு '192 கிலோஹெர்ட்ஸ் ஹை-ரெஸ்' என்று கூடுதல் காசு கேட்கிறார்கள்? வவ்வாலிடம் கேட்டால் நியாயம்.

'எனக்கு வித்தியாசம் கேட்குதே சார்' என்பீர்கள். ஒன்றைத் துளி சத்தமாக வைத்தாலே காது அதைத்தான் 'தெளிவு' என்னும். மேயர், மோரன் இருவரும் 2007-ல் வெளியிட்ட சோதனையில் சத்தத்தைச் சமமாக்கி, எது உயர்தர டிஸ்க், எது சி.டி. தரம் என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். 554 முயற்சிகளில் சரியான விடை ஏறக்குறைய பாதி. காசு சுண்டிப் போட்டிருக்கலாம்.

நிஜக் குற்றவாளி ஸ்டுடியோவில் இருக்கிறான். மெட்டாலிக்காவின் 'டெத் மேக்னட்டிக்' (2008) ஆல்பத்தில் சத்தத்தை ஏற்றி ஏற்றி இசையை நசுக்கிவிட்டார்கள் என்று ரசிகர்களே மனுப் போட்டார்கள். நசுங்கினதை 192-ல் விற்றால் நசுங்கல்தான் துல்லியமாகக் கேட்கும்.

காசை நல்ல ஸ்பீக்கரில் போடுங்கள். இயர்போனில் வால்யூமைக் குறையுங்கள். சத்தத்தால் போன காது எந்த கிலோஹெர்ட்ஸிலும் திரும்பி வராது.