ஐந்து முறை சரி... ஆறாவது முறை?

தம்பி, தங்கைகளே! நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 2 என்று எழுதுங்கள். அதை அதே எண்ணால் பெருக்கினால் 4. நான்கை நான்கால் பெருக்கினால் 16. அப்படியே போனால் 256, பிறகு 65,536. இப்போது ஒவ்வொன்றுடனும் 1 கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65,537 என்று வருகிறதா? ஐந்துமே பகா எண்கள். அதாவது, 1-ஐயும் அதே எண்ணையும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடாதவை.

பிரான்ஸ் நாட்டு வழக்கறிஞர் ஃபெர்மா, 1640-ம் ஆண்டில் இதைப் பார்த்துவிட்டு, "இப்படி வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள்தான்" என்று நம்பினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. நல்ல மனிதர்! ஆனால் அவர் பெரிய கணக்குப்புலி ஆயிற்றே, அவர் இறந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் யாரும் அதைத் தவறு என்று காட்டவில்லை.

1729-ல் கோல்ட்பாக் என்பவர், இளைஞர் ஆய்லருக்கு எழுதிய கடிதத்தில் இதைப் பற்றிக் கேட்டார். ஆறாவது எண் என்ன தெரியுமா? 429,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டிய எண்! 1732-ல் ஆய்லர் விடை சொன்னார்: இது பகா எண் அல்ல, 641-ஆல் வகுபடும்.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். 2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் 641 வருவது 116-வது இடத்தில். ஆய்லர் குருட்டாம்போக்கில் வகுக்கவில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்று முதலில் கண்டுபிடித்தார். அந்த வடிகட்டியில் தேறுபவை 193, 257, 449, 577, அடுத்து 641. ஐந்தாவதே விடை!

நாலைந்து கணக்கு சரியாக வந்தால், "எப்போதும் இப்படித்தான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். சின்ன வயதில் நானும் அப்படித்தான். வகுப்பில் யாராவது எழுந்து, "சார், எப்போதுமே இப்படித்தான் வருமா?" என்று கேட்டால், "அதிகப்பிரசங்கி" என்று பட்டம் கட்டிச் சிரிக்கிறோம். என்னைக் கேட்டால், கோல்ட்பாக் கேட்டதும் அதே கேள்விதான். அப்படிக் கேட்பவரைப் பார்த்து இனி சிரிக்காதீர்கள். முடிந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்!

அந்த முதல் ஐந்துக்குப் பிறகு, இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இன்றுவரை கிடைக்கவில்லை. உண்டா, இல்லையா? உலகத்தில் யாருக்கும் தெரியாது.

நான் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். 641-ஐ 67,00,417-ஆல் பெருக்கிப் பாருங்கள். எட்டு இலக்க கால்குலேட்டரில் விடை அடங்காது, கையால்தான் போடவேண்டும்!