நம்பர் பாருங்க பாஸ்!

ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு ரவுண்டு வந்தா எத்தனை இடத்துல வெல்டிங் பொறி பறக்கும்? காசிமேட்டுல விசைப்படகு ரிப்பேர், திருவொற்றியூர்ல லாரி பாடி பட்டறை, எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டு... எண்ணி மாளாது. அதனாலதான் சூரிய கிரகணம்னு நியூஸ் வந்தா நம்ம ஏரியா பசங்க கண்ணாடி தேடி கடை கடையா அலையறதில்லை. நேரா பட்டறைக்குப் போவாங்க. ‘அண்ணா, அந்த வெல்டிங் ஷீல்டை அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணா!’

நானும் அப்படித்தான் போனேன். 2019 டிசம்பர் 26, அரைப் பரீட்சை லீவு. கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் நெருப்பு வளையம். சென்னையில ஏறக்குறைய 85 சதவீதம் சூரியன் மறைஞ்ச பகுதி கிரகணம். எங்க தெருவுல பத்து பேரு க்யூ கட்டி ஒரே ஷீல்டுல ஆளுக்கு ரெண்டு செகண்ட் பார்த்தோம். ‘நல்லா கறுப்பா இருக்கு, போதும்’ங்கறதுதான் எங்க விஞ்ஞானம்! காலேஜ் முதல் வருஷம் ஒர்க்‌ஷாப் பிராக்டிகல்லதான், அந்தக் கண்ணாடி மூலையில பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கறதையே பார்த்தேன். அன்னிக்கு என் கையில இருந்தது 11.

அந்த நம்பர்லதான் விஷயமே இருக்கு. வெல்டிங் கண்ணாடிக்கு ‘ஷேடு’ நம்பர் உண்டு. பட்டறையில சாதாரணமா போடறது 10 இல்லேன்னா 11. ஃபார்முலாவுல போட்டுப் பார்த்தா, 10-ம் நம்பர் கண்ணாடி வர்ற வெளிச்சத்துல சுமார் 7,200-ல் ஒரு பங்கை உள்ளே விடுது. 11-ம் நம்பர் 19,300-ல் ஒரு பங்கு. 12-ம் நம்பர் 52,000-ல் ஒரு பங்கு. 14-ம் நம்பர் 3,73,000-ல் ஒரு பங்கு! கிரகணக் கண்ணாடிக்கான ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் என்ன கேக்குது தெரியுமா? 31,000-ல் ஒரு பங்குக்கு மேல விடக் கூடாது. ஆக, 10, 11 ரெண்டும் ஃபெயில். 12 பாஸ். 14 டிஸ்டிங்ஷன். வெறும் கண்ணால பார்த்தா 10-ம் கறுப்பு, 14-ம் கறுப்பு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல 50 மடங்குக்கு மேல வித்தியாசம்!

‘போடா, தப்பா இருந்தா கண்ணு எரியும்ல, அப்ப திரும்பிக்கலாம்’னு நினைக்கறீங்களா? அங்கதான் மாட்டிக்கறோம். வெல்டர் அண்ணன்கள் வீட்டுப் பசங்களுக்கு இது நல்லாவே தெரியும். பகல்ல ஷீல்டு இல்லாம ஆர்க்கைப் பார்த்துட்டா, ராத்திரி கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், தண்ணியா கொட்டும். உருளைக்கிழங்கை சீவி கண்ணு மேல வெச்சுட்டுப் படுத்திருப்பாங்க. அது புற ஊதாக் கதிர், கண்ணோட மேல் தோலான கார்னியாவைப் பொசுக்கறதால வர்ற வலி. பெரும்பாலும் ஓரிரு நாள்ல ஆறிடும். அதைப் பார்த்துப் பார்த்து ‘கண்ணு கெட்டா வலிக்கும், வலிச்சா ஆறும்’னு நாம ஒரு கணக்கு வெச்சிருக்கோம்.

சூரியன் விஷயத்துல இந்தக் கணக்கு செல்லாது. சூரிய வெளிச்சத்தைக் கண்ணுல இருக்கற லென்ஸ் குவிச்சு, பின்பக்க விழித்திரையில ஒரே புள்ளியில விழ வைக்குது. சின்ன வயசுல பூதக்கண்ணாடியில பேப்பரைக் கொளுத்தினோமே, அந்த மாதிரிதான். அந்தப் புள்ளிதான் நாம படிக்கறது, முகம் பார்க்கறது எல்லாத்துக்கும். ஆனா விழித்திரைக்கு வலி தெரியற நரம்பே கிடையாது! அதனால எரியாது, தண்ணி வராது. சில மணி நேரம் கழிச்சோ, மறுநாள் காலையிலோதான் நடுவுல ஒரு கரும்புள்ளி தெரியும். சிலருக்கு சில மாசத்துல சரியாகும். சிலருக்கு ஆகவே ஆகாது. நிச்சயமா குணமாக்கற மருந்தும் கிடையாது.

மத்த நாள்ல நாம சூரியனை முறைச்சுப் பார்க்கறதில்லையே, ஏன்? கூச்சம். கிரகணத்துல அந்தக் கூச்சம் குறையுது, கண்மணி விரியுது. ஆனா மிச்சமிருக்கற பிறையோட ஒவ்வொரு துளியும் அதே பழைய சூரியன்தான். 2017 ஆகஸ்ட் கிரகணத்தைச் சில செகண்ட் வெறும் கண்ணால பார்த்த ஒரு பொண்ணோட விழித்திரையை நியூயார்க்ல டாக்டர்கள் படம் எடுத்தாங்க. காயம் பிறை வடிவத்துலயே இருந்துச்சு! 2019 கிரகணத்துக்கு அப்புறம் ஜெய்ப்பூர் அரசு மருத்துவமனைக்கு இப்படிப் பாதிக்கப்பட்டு 15 பேர் வந்ததா செய்தி. அத்தனை பேரும் 10-லேர்ந்து 20 வயசுக்காரங்க. நம்ம செட்டு!

அதுக்காக ஆயா சொல்ற மாதிரி கதவைச் சாத்திட்டு உள்ளயே கிடக்க வேண்டியதில்லை. இதைச் செய்யுங்க:

* வெல்டிங் கண்ணாடின்னா 14 பெஸ்ட், குறைஞ்சது 12. நம்பர் தெரியலையா, தொடாதீங்க. ரெண்டு 10-ஐ ஒட்ட வெச்சு ஜுகாட் பண்ணாதீங்க.

* கிரகணக் கண்ணாடி வாங்கினா வீட்டு ட்யூப் லைட்டைப் பாருங்க. பளிச்னு தெரிஞ்சா அது டுபாக்கூர். கீறல் விழுந்திருந்தாலும் குப்பைக்கு.

* கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம், சி.டி., கரி பூசின கண்ணாடி எல்லாமே அவுட். தாம்பாளத் தண்ணியும் வேணாம். உச்சி வெயில்ல அசையாத தண்ணி 50-ல் ஒரு பங்கு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது. நமக்கு வேண்டியது 31,000-ல் ஒரு பங்கு!

* கிரகணக் கண்ணாடி போட்டுக்கிட்டு பைனாகுலர், கேமரா வழியா பார்க்கவே கூடாது. ஃபில்டர் லென்ஸுக்கு முன்னாடி இருக்கணும்.

* பைசா செலவில்லாத வழி: அட்டையில ஊசித் துளை. சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு, பிம்பத்தைச் சுவத்துல விழ வைங்க. ஒரு மீட்டர் தூரத்துக்கு 9 மில்லிமீட்டர் சூரியன் கிடைக்கும். அம்மாவோட ஜல்லிக் கரண்டியைப் பிடிச்சா நூறு குட்டிப் பிறை!

அப்படியும் பார்த்துட்டு சந்தேகமா இருக்கா? கிராஃப் ஷீட்டை எடுத்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால பாருங்க. நடுவுல கோடு வளைஞ்சாலோ காணாம போனாலோ, உருளைக்கிழங்கைத் தேடாம 1819-ல ஆரம்பிச்ச நம்ம எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

2027 ஆகஸ்ட் 2 சாயங்காலம் சென்னையில பகுதி கிரகணம். திங்கட்கிழமை, காலேஜ் விடற நேரம்! 2031 மே 21-ல தமிழ்நாட்டோட தென்பகுதியில மறுபடியும் நெருப்பு வளையம். அன்னிக்கும் பட்டறை வாசல்ல பசங்க க்யூ நிக்கும். நீங்க முன்னாடி போய் ஷீல்டை வாங்கி, மூலையில இருக்கற நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க. நூறு பேரோட கண்ணுக்கு அது ஒண்ணு போதும்.