கிளியின் அலகு

மீனாட்சியம்மையின் கையிலும் ஆண்டாள் திருக்கரத்திலும் கிளியைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். கிளி என்றாலே மழலையும் கொஞ்சலுமே நமக்கு நினைவில் எழும், கடி எழுவதில்லை. ஆயினும், வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், கூண்டிலுள்ள ‘மிட்டூ’விடம் விரலை நீட்டிவிட்டு அழுத குழந்தைகள் பலருண்டு.

அக்கடியின் வன்மை அலகின் அமைப்பிலேயே உள்ளது. நமக்குக் கீழ்த்தாடை மட்டுமே அசையும்; கிளிக்கோ மேலலகும் மண்டையோட்டுடன் கீல்போற் பொருந்தி அசையும். பிற பறவைகளிற் காணப்படாத தசையொன்றும் தாடைக்கு உரமூட்டுகிறது. தென்னமெரிக்காவின் நீலப் பெருங்கிளி ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுடையது. பனையினத்தின் கல்லொத்த கொட்டைகளையும் உடைத்துத் தின்னும். நம் பச்சைக்கிளிக்கு அத்துணை ஆற்றல் இல்லையெனினும், பிஞ்சு விரலில் குருதி வரச் செய்ய அதன் அலகு போதும். தோளிற் செம்மறுவுடைய பெரிய பச்சைக்கிளியின் கடி இன்னும் ஆழமாகப் பதியும்.

அலகு பட்டதெல்லாம் கடியன்று. கிளிக்கு அலகு மூன்றாவது கால் போன்றது. கையில் ஏறுமுன் அது உறுதியானதா என்று அலகால் தொட்டுப் பார்க்கும். இறகை உடலோடு ஒட்டிக்கொண்டு, கண்மணி சுருங்கி விரிய, வாய் திறந்து நிற்குமாயின் அஞ்சுகிறது என்றறிந்து விலகுதல் வேண்டும். காட்டுக்கிளி அஞ்சினாற் பறந்துவிடும். கூண்டுக்கிளிக்கு அவ்வழி அடைபட்டது. ஆதலின் கடிக்கிறது.

கடிபட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு புண்ணை நன்கு கழுவுக. வெறிநாய்க்கடி நோய் பறவைகளால் வருவதன்று, அவ்வச்சம் வேண்டா. ஆனால் காயம் ஆழமாயினும், விரல் மூட்டிலோ கண்ணருகிலோ பட்டிருப்பினும், மருத்துவரிடம் காட்டி டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்டறிதல் நன்று.

இன்னுமொன்று. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டிலடைப்பதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். சந்தையில் கிடைக்கிறது என்பதால் அது முறையாகிவிடாது. ஏற்கெனவே வீட்டிலிருப்பின், சிறகு நறுக்கப்பட்ட கிளியை வெளியே விட்டுவிடுதலும் கொடுமையே. பருந்துக்கும் பூனைக்கும் இரையாகும். வனத்துறையினரிடம் ஒப்படைத்தலே தக்கது.

தில்லியில் மாலைதோறும் கிளிக்கூட்டங்கள் கீச்சிட்டுக்கொண்டு மரங்களுக்குத் திரும்புகின்றன. குழந்தைகளை மாடிக்கு அழைத்துச் சென்று காட்டுவோம். அங்கே எந்தக் கிளிக்கும் அவர்களைக் கடிக்க வேண்டிய தேவை இராது.